கைராசி

அண்ணியின் கையைப் பற்றிப் பண்ணையில் ஒரு பேச்சு உண்டு. அவள் தொட்ட ஆடு சினை தப்பாது என்பார்கள். அவளுடைய நாத்தனாராக, அவளோடு அங்கேயே வேலை பார்க்கும் எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் பிள்ளை இல்லாதவளிடம் போய் இதைச் சொல்லிச் சிரிப்பது என்ன சிரிப்போ.

எல்லா ஆடுகளும் ஒரே சமயத்தில் குட்டி போட்டால்தான் பண்ணைக்குக் கட்டுப்படியாகும். அதற்காக, மருந்தில் ஊறிய சின்னப் பஞ்சு ஒன்றை ஒவ்வொரு பெட்டை ஆட்டின் கருவழியிலும் வைப்போம். இரண்டு வாரம் போல் இருக்கும். பிறகு வெளியே தொங்கும் நூலைப் பிடித்து உருவிவிட்டால், அடுத்த ஓரிரு நாளில் மந்தை மொத்தமும் கிடாவைத் தேடும். ஒரு மந்தை முடிந்தால் அடுத்த மந்தை. பஞ்சு வைப்பது அண்ணியின் வேலை. கையுறை இல்லாமல் பஞ்சைத் தொடக் கூடாது என்று கால்நடை டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். அண்ணி கேட்டால்தானே?

"அதை மாட்டினா விரலுக்குக் கண்ணு தெரியல. ஆட்டுக்கு வலிக்குது," என்பாள்.

இந்த முறை மந்தைக்கு மேல் மந்தையாக வந்தது. பருவம் பாதி ஓடியிருந்தபோது அண்ணிக்கு நாள் தள்ளிப்போனது. அடுத்த மாதமும் வரவில்லை. அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மருமகளை நிமிர்ந்து பார்த்துப் பேசாதவள், அவள் வேலை முடிந்து வரும் நேரத்துக்குப் பாலைச் சூடாக்கி வைத்தாள். பழைய வேட்டியைக் கிழித்துப் பிள்ளைத் துணி தைக்க உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் அதுவரை இல்லாத வழக்கமாக அண்ணியை வண்டியில் கொண்டுவந்து பண்ணையில் இறக்கிவிட்டான்.

"டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமே அண்ணி," என்றேன்.

"வேணாம். அந்த ஒத்தைக் கோட்டை எத்தனை தடவை பாத்தாச்சு. வயிறு தெரியட்டும், தானா தெரியும்."

வாந்தி இல்லை, மயக்கம் இல்லை, முகத்தில் ஒரு சோர்வுகூட இல்லை. எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. நல்லது நடக்கும்போது இப்படி நினைக்கிறோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அண்ணியோ கையுறைப் பெட்டியைத் திறப்பதையே விட்டுவிட்டாள். ராசி வந்த கையை மூடக் கூடாதாம்.

கடைசி மந்தைக்குப் பஞ்சு உருவும் நாள் வந்தது. நான் ஆடுகளைப் பிடித்துக் கொடுக்க, அண்ணி நூலை இழுத்து, பஞ்சை வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் ஊசி போட்டுக்கொண்டே வந்தார். எத்தனையோ தடவை செய்த வேலைதான். அன்றைக்கு ஏனோ கேட்டேன்.

"இந்த மருந்து உள்ள போய் என்னதான் செய்யுது டாக்டர்?"

"ஏமாத்துது. சினை ஆட்டு உடம்புல ஊறுற ஹார்மோன் மாதிரியே இது. பஞ்சு உள்ள இருக்கிற வரைக்கும் உடம்பு தான் சினையா இருக்கிறதா நம்பிக்கிட்டு இருக்கும். முட்டை முழுசா முதிராம அப்படியே காத்துக் கெடக்கும். உருவினதும் ஏமாத்து கலைஞ்சிடும். மூளை வேற ஹார்மோனை அனுப்பும், முட்டை முதிர்ந்து வெளிய வரும்."

"வெறுங்கையால தொட்டா?"

"தோல் வழியா ஏறும். பொம்பளைங்க தினம் தொட்டா மாசாமாசம் வர்ற தீட்டே நின்னு போகும். அதுக்குத்தானே கையுறை வாங்கி வச்சிருக்கு," என்றபடி அவர் அடுத்த ஆட்டுக்குப் போய்விட்டார்.

நான் அண்ணியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அவள் எழுந்து போய்க் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தாள். மிச்சமிருந்த ஆடுகளுக்கெல்லாம் பஞ்சை உருவினாள். அன்றும் வீட்டில் அம்மா கொடுத்த பாலை மறுக்காமல் குடித்தாள்.

ஆடுகள் சொல்லிவைத்தாற்போல் பருவத்துக்கு வந்தன. கிடாக்களைத் திறந்துவிட்டோம், கொட்டகை முழுக்க ஒரே கத்தல். புதுப் பஞ்சு எதையும் யாரும் தொடவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் ஒரு நாள் அண்ணி கழிவறைப் பக்கமிருந்து வந்து என் அருகில் நின்றாள்.

"உங்கிட்ட நாப்கின் இருக்கா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"அத்தைகிட்ட நீயே சொல்லிடு," என்றாள். "தைக்கிறதை நிறுத்தச் சொல்லு."