அப்பாவின் சுருட்டுப் பேணியும் நான் சொன்ன பொய்யும்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதித் தரும்படி அண்ணா கேட்டார். அப்பாவைப் பற்றி நல்லதைத்தான் எழுதுகிறேன். கெட்டது என்னைப் பற்றியது.

யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்த அப்பா, வாய்க்கால் தண்ணீரோடு காணி கிடைக்கிறதென்று இளவயதில் கிளிநொச்சிக்கு வந்தார். காடு வெட்டி வயலாக்கினார். கடைசிப் போரில் அம்மாவைப் பறிகொடுத்தார். முகாமிலிருந்து திரும்பியபோது எங்கள் வளவில் கிணறு மட்டுமே மிஞ்சியிருந்தது. தகரக் கொட்டிலில் மறுபடி தொடங்கினார். அவருக்கென்று இருந்த ஒரே ஆசை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சுருட்டு.

தகரக் கூரையின் கீழ் சுருட்டு இரண்டு நாளில் காய்ந்து வெடிக்கும். மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். அப்பா ஒரு வழி வைத்திருந்தார். பிஸ்கட் வந்த தகரப் பேணியின் அடியில் ஆணியால் துளையிட்டு, வாழைச்சருகு சுற்றிய சுருட்டுக்கட்டை அதற்குள் வைத்து, மண்சட்டி மணலில் கழுத்துவரை புதைப்பார். வெயில் எட்டாத மூலையில் சட்டி இருக்கும். காலையில் மணலுக்கு அரைச் சிரட்டைத் தண்ணீர், மாரியில் அதிலும் பாதி.

“அமத்தினா அமரவேணும், விட்டா எழும்பவேணும். அதுதான் சுருட்டு” என்று விரலால் அழுத்திக் காட்டுவார்.

“ஃபிரிட்ஜுக்குள்ள வைச்சா என்ன?” என்று அண்ணா ஒருமுறை கேட்டார்.

“மீனோட படுத்த சுருட்டை ஆரடாப்பா பத்துறது?”

கிளினிக்கில் அப்பாவின் நெஞ்சுப் படத்தைப் பார்த்த டொக்டர், இனிச் சுருட்டைத் தொடவே கூடாது என்றார். அப்பா கேட்பாரா? கத்திப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். “ஒண்டே ஒண்டு, பிள்ளை” என்று சிரித்தார். அம்மாதான் போய்விட்டா, இவரையும் விடமாட்டேன் என்று எனக்கு மூர்க்கம் பிடித்தது.

அவர் வயலுக்குப் போனதும் ஈரமணலை அள்ளிக் கொட்டிவிட்டு, முற்றத்தில் காய்ந்த மணலை நிரப்பினேன். மத்தியானம் வந்தவர் தொட்டுப் பார்த்துத் திகைத்தார்.

“காலமை தண்ணி விட்டனான் தானே, பிள்ளை?”

“இல்லையப்பா, நீங்கள் விடேல்லை.”

நாள்தோறும் மணலை மாற்றினேன்; அதே கேள்வி, அதே பொய். சுருட்டுகள் விரலில் நொறுங்கின. அப்பா சுருட்டை விட்டார். ஐயோ, அதோடு நின்றிருக்கக் கூடாதா!

“எனக்கு மூளை பிசகிப் போச்சு. மடையைத் திறந்துபோட்டு மறந்தனெண்டா பக்கத்து வயலுமெல்லோ அழியும்” என்று வயலுக்குப் போவதையும் நிறுத்தினார். அண்ணா வயலை வேறொருவரிடம் விட்டார். வந்தவர்கள் எல்லோரும் அப்பாவோடு குழந்தையோடு கதைப்பதுபோல உரத்துக் கதைத்தார்கள். அவர் கதிரையிலேயே ஒடுங்கிப்போனார். உண்மையைச் சொன்னால் திரும்பவும் சுருட்டுப் பத்துவார் என்று முதலில் பயந்தேன். பிறகு வெட்கம் வாயைக் கட்டியது.

கடைசி நாளில் அப்பா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “பிள்ளை, நான் தண்ணி குடிச்சனானே?”

இந்தத் திவசத்துக்கு அவருடைய முறைப்படியே சுருட்டு வைத்திருக்கிறேன். அமத்தினால் அமர்கிறது, விட்டால் எழும்புகிறது.

அப்பாவைத் தூக்கி இறக்கிய அயலவர்க்கும், பந்தலிட்டவர்க்கும், எங்களுக்குச் சமைத்துத் தந்த வீடுகளுக்கும் நன்றி. ஒரேயொரு உதவி இன்னும் கேட்கிறேன். அப்பாவுக்குக் கடைசியில் மறதி என்று நீங்கள் யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள். அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்: அவர் ஒருநாளும் தண்ணீர் விட மறக்கவில்லை.

மகள்