ஸ்டவ் இல்லாத வீட்டில் ஸ்டவ் வெடித்தது

போன செவ்வாய்க்கிழமை விருதுநகரில் ஆஸ்பத்திரி ஆலோசனைக் குழுக் கூட்டம். டாக்டர்கள், அதிகாரிகள், அவர்களோடு நான். 'பொதுமக்கள் பிரதிநிதி' என்று அங்கே ஒரு நாற்காலி உண்டு. வாராவாரம் பத்தி எழுதுகிற ரிட்டயர்டு டீச்சர், வேறு வேலை இல்லை, வீட்டில் தேடவும் ஆள் இல்லை... யாரோ யோசித்துத்தான் என்னை அதில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

எல்லாக் கூட்டத்திலும் எனக்கு ஒரே கேள்விதான். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்குத் தனி வார்டு எப்போது வரும்?

பட்டாசு ஊர். ஆனால் கொஞ்சம் பெரிய தீக்காயம் என்றால் மதுரைக்கு அனுப்பிவிடுகிறோம். வெந்த உடம்போடு ஒரு மனிதன் அவ்வளவு தூரம் குலுங்கிக்கொண்டே போக வேண்டுமா? நான் எழுந்தாலே நாலு பேர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். தெரிந்தேதான் எழுந்திருக்கிறேன்.

தலைமை வகித்த அதிகாரி நல்ல மனிதர். இந்தத் தடவை ஃபைலோடு வந்திருந்தார்.

"விபத்துப் பதிவேட்டைப் பார்த்தேன் மேடம். இந்த வருஷம் பட்டாசுன்னு ஒரே ஒரு கேஸ்தான் இருக்கு. மத்ததெல்லாம் ஸ்டவ். இதை வச்சுக்கிட்டு நான் மேலே என்னன்னு எழுதுறது?"

கூட்டம் முடிந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார். தரமான ஸ்டவ் வாங்கச் சொல்லி ஒரு விழிப்புணர்வுக் கட்டுரை எழுதுங்களேன் என்றார். கிண்டல் இல்லை, மனதாரத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு இது புரியாது. சொல்கிறேன்.

பட்டாசுக் கம்பெனியில் நடக்கிற பெரிய விபத்து பேப்பரில் வரும். காயம்பட்டவர்களும் நேரே மதுரைக்குப் போய்விடுவார்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்கு அன்றாடம் வருவது வேறு. வீட்டில் வைத்துப் பட்டாசுத் திரி செய்யக் கூடாது என்பது சட்டம். செய்கிறார்கள். ஏஜென்ட் சாமானைக் கொண்டுவந்து போடுகிறார், செய்ததை வாங்கிப் போகிறார். எப்போதாவது தீப்பிடிக்கிறது. அப்போது தெருவே ஒரே குரலில் சொல்கிற வார்த்தை — ஸ்டவ். அடிபட்டவருக்கு நினைவில்லை என்றாலும் தூக்கி வந்தவர் சொல்லிவிடுவார். வெடிமருந்து வாசம் டாக்டர் மூக்குக்குத் தெரியாதா என்ன? தெரியும். சொன்னதைத்தானே அவர் எழுத முடியும்?

ஆக, ஊரில் நெருப்பு உண்டு, காகிதத்தில் இல்லை. காகிதத்தில் இல்லாத நெருப்புக்கு எந்த அரசாங்கம் கட்டில் போடும்?

சரி, அந்த ஒரே ஒரு கேஸ்? அதை எழுத வைத்தவள் நான்.

மூன்று மாதம் முன்னால், ஒரு காலை நேரம். குழு உறுப்பினர் என்ற உரிமையில் அவசரச் சிகிச்சைப் பிரிவு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எம். புதுப்பட்டியிலிருந்து ஒருவரைத் தூக்கி வந்தார்கள். இரண்டு கையும் நெஞ்சும் வெந்திருந்தன. எதிர்வீட்டுக்காரர்தான் கொண்டுவந்திருந்தார். டாக்டர் கேட்பதற்கு முன்பே ஸ்டவ் என்றார். மனைவி முத்துமாரி சுவரோரமாக நின்றாள், அழக்கூட இல்லை.

அவளைத் தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்டேன். வீட்டில் என்ன ஸ்டவ், மண்ணெண்ணெயா, கேஸா?

"எங்க வீட்ல ஸ்டவ்வே கெடையாது டீச்சர். விறகடுப்புதேன்."

நான் பேசினேன். நாற்பது பிள்ளைகளை அடக்கிய குரல் அல்லவா, நன்றாகவே பேசினேன். நீங்கள் எல்லாரும் ஸ்டவ் என்று சொல்வதால்தான் இங்கே வார்டு வரவில்லை, யாராவது ஒருத்தர் முதலில் சொல்ல வேண்டும், நீ சொல், ஒன்றும் ஆகாது... புருஷன் உள்ளே முனகிக்கொண்டிருக்கிறான், நான் அவளுக்குப் புள்ளிவிவரப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "நாஞ் சொன்னா, அடுத்து வாரவுகளுக்காச்சும் இங்கனயே வார்டு வருமா?"

வரும் என்றேன்.

அவள் உள்ளே போய்ச் சொன்னாள். டாக்டர் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார், பிறகு எழுதினார். எதிர்வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். மதுரைக்குப் போன வண்டியில் அவள் மட்டும்தான் ஏறினாள். துணைக்கு வந்தவர் யாரும் ஏறவில்லை, நானும் ஏறவில்லை. எனக்கு அன்று வேறென்ன வேலை இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை.

பதிவேட்டில் 'திரி' என்று எழுதினால் சும்மா போகுமா? மறுநாளே போலீஸ் தெருவுக்கு வந்தது. வீடு வீடாகத் தேடி, காய வைத்திருந்த திரியை அள்ளிப் போனார்கள். சீசன் நேரம். ஏஜென்ட் அந்தத் தெருப் பக்கமே வருவதை நிறுத்திவிட்டார். எல்லா வீட்டு அடுப்பும் சேர்ந்து முத்துமாரியைத் திட்டியது. இதெல்லாம் நடக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? இந்த ஊரிலேதானே இத்தனை வருஷம் குடியிருக்கிறேன்!

செவ்வாய்க்கிழமை அந்த டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல ஆள் இல்லை. அப்போதுதான் உறைத்தது... அவளுக்கும் இப்போது இப்படித்தானே இருக்கும்?

சனிக்கிழமை போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் திரும்பினால், எங்கள் பக்கம் தெருவே திரண்டு பார்க்க வரும். பிரெட்டும் ஆரஞ்சும் குவிந்துவிடும். தீராச் சண்டைக்காரர்கூட வாசலில் நின்று "எப்படி இருக்கீக?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அவள் புருஷன் வீடு திரும்பிப் பதினைந்து நாளாகிறது. வாசலில் ஒரு செருப்பு கூட இல்லை.

அவர் கையை மடக்க முடியாமல் படுத்திருந்தார். வார்டு இப்போதைக்கு வராது, ஒரு கேஸ் போதாதாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. பிரெட்டையும் பழத்தையும் வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள். நான் உட்கார இடம் பார்த்தேன்.

"உக்காராதீக டீச்சர்," என்றாள் மெதுவாக. "நேத்துதேன் எதிர்வீட்டு அக்கா தண்ணிக் கொழாய்ல எம்மொகத்தப் பாத்துச்சு. நீங்க வந்து போறதப் பாத்தாகன்னா, மறுபடியும் ஒருத்தரும் பேச மாட்டாக."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை வரைக்கும் எல்லா வாசலிலும் ஆள் இருந்தது. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்குப் பரவாயில்லை, நான் பஸ் ஏறிவிடுவேன். அவள் நாளைக்கும் அந்தக் குழாயடிக்குத்தானே குடத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்?

அடுத்த கூட்டத்திலும் எழுந்து கேட்பேன். அதை விடப் போவதில்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து இன்னொருத்தியிடம் 'நீ முதலில் சொல்' என்று சொல்ல எனக்கு இனி வாய் வராது.

இன்னொன்றும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். முத்துமாரி அவள் பெயர் இல்லை. எம். புதுப்பட்டி அவள் ஊரும் இல்லை. ஒன்றும் ஆகாது, உள்ளதை உள்ளபடி சொல் என்று அவளிடம் சொன்னவள்தான் இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்.