கரேம் வீட்டுப் பொய்விளக்கு

கல்யாணமாகி ஏழு மாதத்தில் என் கணவர் என்னிடம் பேசியது மொத்தம் இரண்டே வார்த்தை. ஒன்று "வீ", அதாவது ஆமாம். மற்றது "பா கொனே", அதாவது தெரியாது. சோறு போடவா என்றால் வீ. நாளைக்கு எப்போது வருவீர்கள் என்றால் பா கொனே. மூன்றாவதாக ஒரு வார்த்தை அவரிடம் இருந்தால் அதைச் சர்க்கரை ஆலைப் பட்டறையிலேயே செலவழித்துவிட்டு வந்தார் போலிருக்கிறது.

மொரீஷியஸில் எங்கள் வீட்டுப் பேச்சு கிரியோல்தான். தமிழ் எனக்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் வந்தது. சாமி பாட்டுப் பாடக் கற்றுக்கொண்டதை இந்த வயதில் வம்பு எழுதப் பயன்படுத்துகிறேன். ஆகவே இதில் யார் தமிழில் பேசினாலும் அவர்கள் உண்மையில் கிரியோலில் பேசினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வாயாடி. பிறந்த வீடு தேர் ரூஜ் என்கிற ஊரில். அக்கா தங்கைகள் ஆறு பேர். ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், ஆறு பேர் சொன்னதும் எல்லோருக்கும் கேட்டிருக்கும். அப்படி வளர்ந்தவளைக் குட்லண்ட்ஸுக்கு அந்தப் பக்கம், கரும்புக்கு நடுவில் ஒரு மௌனச் சாமியாருக்குக் கட்டிவைத்தார்கள். அவர் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, முகம் சுளிக்கக்கூட இல்லை. அம்மாவிடம் போய்ச் சொல்ல ஒரு குறையாவது வேண்டாமா? அதுதான் ஆத்திரம். தைப்பூசக் காவடி முடிந்ததும் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவது, திரும்பி வருவதில்லை என்று முடிவு செய்து, பாதித் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தும்விட்டேன். அது சுதந்திரத்துக்கு முந்தைய வருஷம். தீவு முழுக்கப் பிரிவதா வேண்டாமா என்று வாதாடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் குழப்பம் இல்லை.

ஊர் மன்றத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அதில் விண்வெளித் தொடர் ஒன்று வரும், பிரெஞ்சில். ஒரு கப்பல், அதற்கு ஒரு கேப்டன். வழியில் எந்தக் கிரகத்துக்காரன் ஏறினாலும் கேப்டன் இடுப்பிலிருந்து கைக்கடக்கமான ஒரு விளக்கை எடுத்து அவன் நெற்றிக்கு நேராகப் பிடிப்பார். அவன் பொய் சொன்னால் விளக்கு சிவப்பாக எரியும். சிவப்பு என்பது வசனத்தில் சொல்லித்தான் தெரியும். எங்கள் பெட்டியில் எல்லாமே சாம்பல் நிறம். நாங்கள் அதற்குப் பொய்விளக்கு என்று பெயர் வைத்தோம். அது வெளியே வந்தால் மன்றமே மூச்சைப் பிடிக்கும். என் மாமியார் மட்டும், "அவன் முழியைப் பார்த்தாலே தெரியலையா, இதுக்கு ஒரு விளக்கு வேறயா" என்பார். ஆனால் ஒரு வாரம் தவறமாட்டார்.

ஒரு சனிக்கிழமை தொடர் முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். மாமியார் முன்னால் போய்விட்டார். என் கணவர் திடீரென்று தொண்டையைக் கனைத்தார்.

"அந்த விளக்கு முகத்துல பன்னிரண்டு துளை இருக்கு."

நான் நின்றுவிட்டேன். சுற்றும் முற்றும் பார்த்தேன், வேறு யாரும் இல்லை. என்னிடம்தான் சொல்கிறார். ஏழு மாதம் கழித்து ஒரு முழு வாக்கியம். நல்ல பெண்ணாக இருந்தால் ஆமாம் என்று ஒப்புக்கொண்டிருப்பாள்.

"பத்து," என்றேன்.

"பன்னிரண்டு."

"பத்துதான். நான் எண்ணினேன்."

"நீ பொம்பளைங்க பெஞ்சுல இருந்து பார்த்தே. அங்கேருந்து பார்த்தா ரெண்டு மறையும்."

வீடு வரை சண்டை போட்டோம். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. படியேறியதும் அவர் வாய் மூடிக்கொண்டது.

மறுவாரம் இருவரும் கண் கொட்டாமல் எண்ணினோம். அவர் பன்னிரண்டிலேயே நின்றார், நான் பெரிய மனசு பண்ணிப் பதினொன்றுக்கு ஏறினேன். ஒன்று செய்து பார்த்தால் தெரிந்துவிடும் என்றார் அவர். நாம் எத்தனை போடுகிறோமோ அத்தனைதானே இருக்கும், அதில் என்ன தெரியப்போகிறது என்று நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டேன்.

காவடி கட்டுவதில் அவர் கெட்டிக்காரர். மூங்கிலை வளைத்துக் கம்பி சுற்றி, பளபளக்கும் தாள் ஒட்டி ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் கட்டித்தருவார். அந்தக் கையால் முதல் பொய்விளக்கையும் மூங்கிலில் கட்டினார். அது அச்சு அசல் ஒரு குட்டிக் காவடியாக வந்தது. கேப்டன் இதை நீட்டினால் கிரகத்துக்காரன் கன்னத்தில் போட்டுக்கொள்வான் என்று சொல்லி நான் சிரித்த சிரிப்பில் மாமியார் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். இரண்டாவதைத் தேங்காய்ச் சிரட்டையில் செய்தார், அது அகப்பை. மூன்றாவது கருங்காலி மரம். அழகாகத்தான் இருந்தது, ஆனால் இடுப்பில் மாட்டியதும் கால்சட்டையை இழுத்துக்கொண்டு கீழே போனது. அவர் ஒரு கையால் விளக்கையும் மறு கையால் மானத்தையும் பிடித்துக்கொண்டு கேப்டன் மாதிரி விறைப்பாக நின்றார்.

நிறத்துக்கு ஒரு வாரம் போனது. பெட்டியில் சாம்பலாகத் தெரிகிறதே, அதனால் சாம்பல்தான் என்றார் அவர். அப்படியானால் கேப்டன் மூஞ்சியும் சாம்பலா என்று கேட்டேன். யோசித்தார். வேற்றுக் கிரகத்தில் ரொம்ப நாள் இருந்தால் ஆகலாம் என்றார். கடைசியில் வீட்டில் மிச்சமிருந்தது கதவுக்கு அடித்த பச்சை என்பதால் பச்சை என்று முடிவானது.

இதையெல்லாம் கேட்டு அவர் மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். நானும் நினைக்கவில்லை. விளக்கைப் பற்றிக் கேட்டால் பத்து வாக்கியம் வரும். கையில் என்ன காயம் என்று கேட்டால் பா கொனே. அவர் பேசுவது விளக்கோடு, நான் நடுவில் நிற்கிறேன், அவ்வளவுதான் என்று தோன்றும்போதெல்லாம் இன்னும் நாலு துணியை மடித்துப் பெட்டியில் வைப்பேன். ஆனாலும் ஒரு நப்பாசை. காவடிக்குள் இந்த விளக்கு முடிந்துவிட்டால், பேச அது இல்லாமல் போய்விட்டால், அவர் வேறு வழியில்லாமல் என்னிடம் ஏதாவது பேசித்தானே ஆகவேண்டும்?

முடியாமல் நின்றதற்குக் காரணம் அதன் உடம்பு. நீள்வட்டமாக, விளிம்பு உருண்டு மடங்கியிருக்க வேண்டும். அவர் ஆலையிலிருந்து தகரத் துண்டுகளைக் கொண்டுவந்து தட்டித் தட்டிப் பார்த்தார். ஒன்று முறமானது, ஒன்று சோப்புப் பெட்டியானது. எனக்கு அந்த வடிவத்தை எங்கேயோ பார்த்த ஞாபகம். அரிசி களையும்போது பளிச்சென்று தெரிந்தது. சார்டின் மீன் டப்பா.

தெரிந்த நேரம்தான் சரியில்லை. கரேம் தொடங்கி இரண்டாம் நாள். காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதத்துக்கு எங்கள் ஊரில் கரேம் என்று பெயர். மீன், முட்டை, இறைச்சி வாசற்படி தாண்டக்கூடாது; பாத்திரம்கூட வேறு. என் மாமியார் அந்தப் பத்து நாளும் பட்டாளத்துக்காரர். பூனைக்கும் கரேம். மோர்ச்சோறு வைப்பார். பூனை சோற்றைப் பார்க்கும், பிறகு மாமியாரைப் பார்க்கும், பிறகு வெளியே போய்விடும்.

தையல் நூல் வாங்கவேண்டும் என்று சொல்லிவிட்டுக் குட்லண்ட்ஸுக்கு நடந்தேன். என்னைத் தெரியாத ஒரு சீனாக்காரர் கடையாகப் பார்த்து நுழைந்து, மெல்லிய குரலில் ஒரு சார்டின் டப்பா கேட்டேன். அவர் என் மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார்.

"மாதாம், உங்களுக்கு இப்போ கரேம் ஆச்சே?"

"எனக்கில்ல, பூனைக்கு," என்றேன்.

அவர் டப்பாவை எடுத்துத் துடைத்துக் காகிதத்தில் சுற்றினார். அந்தப் பூனைக்காக அவர் வருத்தப்பட்டாரா, எனக்காகவா என்று தெரியவில்லை. வரும் வழியில் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து, மீனை ஒரு தெருநாய்க்குப் போட்டேன். சாம்பல், எலுமிச்சை, சோப்பு, மணல் என்று தேய்தேயென்று தேய்த்தேன். நான் ஒரு துண்டுகூடத் தின்னவில்லை, தகரத்தைத்தானே தொட்டேன், முருகன் தகரத்துக்கெல்லாம் கணக்குப் பார்க்கமாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணவரிடம் அது பாலிஷ் டப்பா என்றேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீ," என்றார்.

இரண்டே நாளில் விளக்கு முடிந்தது. முகத்தில் பன்னிரண்டு துளை. அதற்கு நான் விட்டுக்கொடுத்தேன். உள்ளே டார்ச் பல்பு, அதன்மேல் காவடிக்கு வாங்கிய சிவப்புக் கண்ணாடித் தாள். அடிப்பக்கம் ஒரு பொத்தான். அழுத்தினால் சிவப்பு. கையில் பிடித்ததும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. நாங்கள் இருவரும் மாறி மாறி நெற்றிக்கு நேராகப் பிடித்து, எரியவிட்டு, அணைத்து, எரியவிட்டு, கடைசியில் டப்பாவே சூடாகிவிட்டது. மேஜைமேல் ஆறவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தால் பூனை விளக்கைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தது. கட்டிக்கொண்டு என்றால் நான்கு காலாலும். பன்னிரண்டு துளையையும் ஒவ்வொன்றாக நக்கியது. மாமியார் வந்து தூக்கினார்; பூனையோடு விளக்கும் வந்தது. பிரித்தார். விளக்கை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார்.

"இது மீன்," என்றார்.

பூனை கத்திக்கொண்டிருந்தது.

"கரேம் வீட்டுக்குள்ள மீன் டப்பா. சாமி மாடம் இருக்கிற வீட்டுல. யார் கொண்டுவந்தது?" சொல்லிக்கொண்டே மாமியார் செய்த காரியத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். விளக்கைக் கேப்டன் மாதிரியே நீட்டி என் நெற்றிக்கு நேராகப் பிடித்தார். பொத்தான் இருப்பது அவருக்குத் தெரியாது. கட்டைவிரல் பொத்தானுக்குப் பக்கத்திலேயே நின்றது. கொஞ்சம் நகர்ந்தால் எரிந்துவிடும். எனக்குப் பயத்திலும் சிரிப்பு முட்டியது. நான்தான் மாமி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"நான்தான் அம்மா," என்றார் என் கணவர்.

விளக்கு அவர் பக்கம் திரும்பியது. அவர் பேசத் தொடங்கினார். டப்பா ஆலைக் கால்வாயில் மிதந்து வந்ததாம். தான் அதைக் கம்பியால் இழுத்ததாம், முதல் தடவை நழுவிவிட்டதாம், இரண்டாம் தடவை செருப்பு நனைந்ததாம். மேலே எழுத்து எதுவும் இல்லையாம், எண்ணெய் டப்பா என்றே நினைத்ததாம். இவளுக்கு ஒன்றும் தெரியாதாம், இவள் கேட்டும்கூடத் தான் சொல்லவில்லையாம். கால்வாயில் அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் ஓடியது என்பதுவரை சொன்னார். ஏழு மாதம் இரண்டு வார்த்தையில் ஓட்டிய மனிதர், மூச்சு விடாமல் ஒரு பொய்யைக் கட்டி, பளபளக்கும் தாள் ஒட்டி முடித்தார்.

மாமியார் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எரியவில்லை.

"உண்மையைத்தான் சொல்றான்," என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "கொல்லைக்குப் போ. குழாயடியில நில்லு."

பதினோரு வாளி மஞ்சள் தண்ணீர். மாமியாரே மொண்டு மொண்டு ஊற்றினார். பக்கத்து வீட்டார் வேலிமேல் கை வைத்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு, மஞ்சளாக, விறைப்பாக நின்றார். கோயிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தால்தான் சாப்பாடு என்று சொல்லிவிட்டு மாமியார் உள்ளே போனார். நான் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க? அது நான் வாங்கினது. சார்டின் டப்பா."

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"நீ கொடுத்த அன்னிக்கே. மடிப்புக்குள்ள தக்காளிச் சாறு இருந்துச்சு. நான் கழுவிட்டேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

முகத்தைத் துடைத்தார். துண்டெல்லாம் மஞ்சளானது. "சொன்னா விளக்கு வேலை நின்னுபோகும். நின்னா நீ தேர் ரூஜுக்குப் போயிடுவே." துண்டுக்குள்ளிருந்தே மிச்சத்தையும் சொன்னார். "உன் பெட்டியைப் பார்த்துட்டேன். பார்த்த நாள்லேருந்து உன்கிட்ட என்ன பேசுறதுன்னு தேடிட்டே இருந்தேன். நீ அவ்வளவு நல்லாப் பேசுறே. எனக்கு ஒண்ணும் வரல. இந்த விளக்குதான் கிடைச்சுது."

எனக்கு அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்வதற்கு மூங்கில் வளைத்து, சிரட்டை செதுக்கி, தகரம் தட்டி, கால்சட்டையை நழுவவிட்டு, கரேமில் பெற்ற தாயிடம் பொய் சொல்லி, பதினோரு வாளி தண்ணீர் வாங்கி! வேலியோரம் ஊரே நிற்பது கண்ணில் படவேயில்லை.

"அதுக்கு, 'போகாதே'ன்னு சொல்லிட்டுப் போறதுதானே!" என்று கத்தினேன்.

அவர் துண்டை முகத்திலிருந்து எடுத்தார்.

"போகாதே," என்றார்.

அவர் கோயிலுக்குப் போனதும் பெட்டியைக் கவிழ்த்தேன். மடித்து வைத்ததெல்லாம் கசங்கிக் கிடந்தது. அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து இஸ்திரி போட்டேன், வாய் ஓயாமல் அவரைத் திட்டிக்கொண்டே. அவர் திரும்பி வந்து, ஈரத் தலையோடு பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.