டயல் திரும்பியது... நிறம் திரும்பவில்லை!

போன திங்கட்கிழமை பாராட்டு வாங்கப் போனேன்.

நிஜம்தான்! இஸ்திரி போட்ட சட்டையோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்குப் போனேன். பத்தி எழுதுவது என் ஆசை, புரோகிராம் எழுதுவது பிழைப்பு என்பது உங்களுக்குத் தெரியும்தானே? நான் எழுதிய புரோகிராம் ஒன்று அந்த மில்லில், சுவரில் மாட்டிய பெரிய டிவியில் ஓடுகிறது.

பிரமாதமான சங்கதி ஒன்றுமில்லை. மெஷின் ஓடும் ஹாலில் காற்றில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் அரைவட்ட டயல். ஈரம் குறைந்தால் நூல் பட் பட்டென்று அறும். அதனால் காய்ந்த பக்கம் சிவப்பு, ஈரமான பக்கம் பச்சை, நடுவில் ஒன்றோடொன்று குழைந்து மஞ்சள். இந்தக் குழைவை எங்கள் தொழிலில் கிரேடியன்ட் என்போம்.

முதலாளிக்கு அதில் ஒரே ஒரு குறை.

"சார், டயலு கவுத்துப் போட்ட சட்டி மாதிரி இருக்கு. மொகத்தச் சுளிச்சிக்கிட்டு... கொஞ்சம் சிரிச்ச மாதிரி திருப்பி வைங்களேன்."

அதற்கென்ன! சனிக்கிழமை வீட்டிலிருந்தபடியே ஒரு வரியை மாற்றினேன். டயல் தலைகீழாகத் திரும்பியது. எண்கள் இடம் மாறின, முள்ளும் மாறியது. சிரித்தது! நானும் சிரித்துக்கொண்டே காபி குடிக்கப் போய்விட்டேன்.

திங்களன்று மில்லுக்குள் நுழைந்தால்... மெஷின் சத்தத்தையும் மீறி ஒரு சண்டை.

மம்சாபுரத்திலிருந்து வந்து அந்த ஹால் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் செல்வி என்ற பெண்ணை சூப்பர்வைசர் நிறுத்தி வைத்திருந்தார். கையில் மெமோ. பக்கத்தில் முதலாளி. முள் சிவப்புக்குப் போனால் மெஷினை நிறுத்த வேண்டும் என்பது மில்லின் சட்டம். காலையிலிருந்து சிவப்பாம், செல்வி நிறுத்தவில்லையாம். ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியவர். இரண்டாவது என்றால் வேலை போய்விடும்.

"ஏம்மா, கண்ணு தெரியாதா? அம்புட்டுப் பெருசா செவப்பு எரியுதுல்லா?" என்றார் சூப்பர்வைசர்.

"தெரியுது சார். ஆனா ஒரு நூலுகூட அறுபடலையே! ஓடுற மெஷின எதுக்கு நிப்பாட்டணும்? செத்த வந்து பாருங்க சார்."

"நூலு கெடக்கட்டும். கம்ப்யூட்டர் பொய்யா சொல்லும்?"

நிமிர்ந்து டயலைப் பார்த்தேன்.

முள் சரியான எண்ணில்தான் நிற்கிறது. ஈரம் தாராளம். ஆனால் அந்த இடத்தில் பச்சைக்குப் பதிலாகச் சிவப்பு!

எப்படி? தட்டைத் திருப்பினால் அதிலிருக்கும் சட்னியும் கூடவே திரும்பும், இல்லையா? நான் எழுதிய புரோகிராமில் அப்படி இல்லை. வடிவம் வேறு, அதற்குள் ஊற்றிய நிறம் வேறு. வடிவத்தைத் திருப்பினாலும் நிறம் 'எனக்கென்ன?' என்று பழைய இடத்திலேயே நிற்கும். அதைத் தனியாகத் திருப்ப வேண்டும். நான் தட்டை மட்டும் திருப்பிவிட்டு, சட்னியை மறந்துவிட்டேன். காய்ந்த பக்கம் பச்சையாகவும் ஈரப் பக்கம் சிவப்பாகவும் ஆகிவிட்டது.

என்ன செய்வது? நைசாக வெளியே போய், யாருக்கும் தெரியாமல் திருத்திவிட்டால்? "அட, பச்சையாயிருச்சே!" என்று கலைந்து போவார்கள். என் மானம் பிழைக்கும். செல்வியின் வேலை? சத்தியமாகச் சொல்கிறேன் - அரை நிமிஷம் யோசித்தேன். அந்த அரை நிமிஷத்தை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

"சார்... தப்பு என் மேல. முள்ளு சரி, நம்பர் சரி. கலரத் திருப்ப மறந்துட்டேன். மெமோவ எனக்குக் குடுங்க" என்றேன்.

முதலாளி என் இஸ்திரி சட்டையை மேலும் கீழும் பார்த்தார். சூப்பர்வைசர் மெமோவை மடித்துப் பையில் வைத்தார். செல்வி விடவில்லை.

"பைக்குள்ள வச்சா எப்படி சார்? கிழிங்க."

கிழித்தார். பிறகுதான் செல்வியின் முகம் தெளிந்தது. என் பக்கம் திரும்பினார்.

"நம்பரு சரியாத்தான இருந்துச்சு சார்? இம்புட்டுப் பேரு நின்னு பாத்தோம்... ஒருத்தரும் படிக்கலையே!"

நியாயம்தானே? மாம்பழத்தை முகர்ந்து பார்க்காமல் நிறத்தைப் பார்த்து அள்ளுகிறோம். ரேங்க் கார்டில் சிவப்பு மை தெரிந்தால், மார்க்கைப் படிக்கும் முன்பே பிள்ளையின் முதுகைத் தேடுகிறோம். நிறத்துக்கு அவ்வளவு அவசரம்; புத்தி ஆடி அசைந்துதான் வந்து சேர்கிறது.

அங்கேயே உட்கார்ந்து நிறத்தையும் திருப்பினேன். மூன்று தடவை சரிபார்த்தேன். இப்போது எண், முள், நிறம் எல்லாம் அப்பழுக்கில்லாமல் ஒத்துப்போகின்றன.

நேற்று சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். "டயல் எப்படிண்ணே இருக்கு?"

"அது பாட்டுக்குக் கெடக்கு சார். நான் செல்விகிட்ட கேட்டுக்கிடுதேன்."