வரதராஜுலு ஊட்டுத் திண்டு

சென்னிமலை அடிவாரத்துல எங்க தோட்டத்துக்கு அடுத்தது வரதராஜுலு நாயுடு தோட்டம். பருத்தி வெள்ளாமையில கெட்டிக்காரர். வாயி மட்டும் சாமி வெக்க மறந்துபோட்டாரு. சம்சாரம் வெங்கடலட்சுமி பேச ஆரம்பிச்சா, கம்பளிய எடுத்துத் தலையோட போத்தி, முழங்காலைத் தாடைக்கு இழுத்துச் சுருண்டுக்குவாரு. சித்திரை வெயில்லயும் கம்பளிதான். அந்தம்மா மருவாதியாத்தான் வைவாங்க. "ஏனுங்க, நீங்கெல்லாம் ஒரு மனுசனாங்க? வெளிய வந்து பதில் சொல்லுங்க." கம்பளி அசையாது. அவங்க அலுத்துப்போயி அடுப்படிக்குப் போனதும், ஒத்தைக் கண்ணு மட்டும் மெல்ல எட்டிப்பாக்கும். வேலிக்கு இந்தப்பக்கம் நின்னு எத்தனை தடவை பாத்திருக்கேன்.

அம்பத்தெட்டுல, தை மாசம், மக கோமளாவைப் பொண்ணு பாக்க வாராங்கன்னு சேதி வந்துது. அதுக்கு முந்தி ரண்டு இடம் தட்டிப்போச்சு. பொண்ணோட அப்பன் ஊமையாட்ட இருக்கறான், இவனோட என்ன சம்பந்தம் பண்றதுன்னு போயிட்டாங்க. "இதும் போச்சுன்னா புள்ள ஊட்டோடதான். இன்னைக்குக் கம்பளியத் தொட்டீங்கன்னா நான் பொறந்த ஊட்டுக்குப் போயிருவேனுங்க"ன்னு அந்தம்மா சொல்லிப்போட்டாங்க.

அன்னைக்குக் காலையில அந்தம்மா முன்கூடத்தை, அதான் ஆசாரத்தை, கூட்டப் போனா, செவுத்தோரமா உருண்டையா ஒண்ணு கெடக்குது. அழுங்கு, எறும்புதின்னி. ஒடம்பெல்லாம் ஓடு வேஞ்ச மாதிரி செதிலு. கொல்லையில அடுக்கின பருத்திமாத்துக் குச்சியில கரையான் தின்ன வந்தது, விடிஞ்சதும் வழி தெரியாம உள்ள பூந்துபோட்டுது. வரதராஜுலு பிரிக்கப் பாத்தாரு. மூஞ்சிய வயித்துக்குள்ள வெச்சு, வாலை மேல சுத்தி, பூட்டுப் போட்ட பொட்டியாட்டம் இருக்குது. செதிலுக்கு நடுவுல விரலை விட்டா, நறுக்குன்னு இறுக்குது. குச்சியில தள்ளினா புஸ்ஸுங்குது, கூடவே ஒரு நாத்தம்.

அதுக்குள்ள வாசல்ல வண்டி வந்து நின்னுபோச்சு. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முந்தி. ஒத்தாசைக்கு வந்த நானும் வாசப்படியிலதான் நிக்கறேன். அந்தம்மா பவானி ஜமக்காளத்தை எடுத்து அது மேல போத்திவிட்டாங்க.

மாப்பிள்ளையோட அப்பா கண்ணையா. அவரு ஊட்டுல ரகசியம் பேசினா மூணாவது தோட்டத்துல மாடு திரும்பிப் பாக்கும். சம்சாரத்தோட, மகனோட உள்ள வந்ததும், "அட, திண்டெல்லாம் போட்டு வெச்சிருக்கீங்க"ன்னு நேரா அதுலயே சாஞ்சுக்கிட்டாரு. எந்திரிங்கன்னு சொன்னா ஏன்னு கேப்பாரே.

"என்னமோ வாசம் வருதுங்களே?"

"புதுச் சாம்பிராணிங்க," அந்தம்மா சொன்னாங்க.

"திண்டு நல்லாக் கெட்டியா இருக்குது. இலவம்பஞ்சுங்களா?"

"எங்க காட்டுப் பருத்திதானுங்க."

கண்ணையா அவரு கெணத்தைப் பத்திப் பேசினாரு, கரண்டு மோட்டாரைப் பத்திப் பேசினாரு. கேசரி வந்துது. அவரு ஒரு வாயி அள்ளிப் போட்டதும் ஆசாரமே அமைதியாச்சு. அப்பத்தான் திண்டு பிரிஞ்சுது. ஜமக்காளத்துக்கு அடியில இருந்து ஒரு வாலு வந்து அவரு இடுப்பைத் தடவுச்சு. மனுசன் கட்டில் மேல எப்ப ஏறுனாருன்னு யாருக்கும் தெரியாது. "முதலை, முதலை"ங்கறாரு. சென்னிமலையில முதலை. மாப்பிள்ளை ஒரு தடியத் தூக்குனான். அழுங்கு மறுபடியும் உருண்டையாச்சு.

வரதராஜுலு எந்திரிச்சாரு.

"தடியக் கீழ போடு தம்பி. நீங்களும் கத்தாம உக்காருங்க. அடிச்சாலும் வைஞ்சாலும் அது பிரியாது. சத்தம் நின்னாத்தான் வெளிய வரும்."

"அது எப்படிங்க உங்களுக்குத் தெரியும்?"ன்னாங்க அந்தம்மா.

மனுசன் மூலையில கெடந்த கம்பளிய ஒரு பார்வை பாத்தாரு. அவ்வளவுதான்.

கால் மணி நேரம் ஒருத்தரும் பேசலை. கண்ணையா கட்டில் மேல, கையில கேசரி, கழுத்து நரம்பு பொடச்சுக்கிட்டு நிக்குது. கதவுக்குப் பின்னால கோமளா வாயைப் பொத்திச் சிரிக்கறா. அவளைப் பாத்து மாப்பிள்ளையும் சிரிக்கறான். மெதுவா ஒரு மூக்கு வந்துது, அப்பறம் மொளகாட்டம் கண்ணு. பின்னங்கால்ல நின்னு, முன்னங்கை ரண்டையும் நெஞ்சோட சேத்து, போயிட்டு வாரேனுங்கற மாதிரி, ஜமக்காளத்தை முந்தானையா இழுத்துக்கிட்டு வாசப்படி தாண்டுச்சு.

கண்ணையாவோட சம்சாரம் அதுவரைக்கும் கண்ணை மூடி உக்காந்திருந்தாங்க.

"இருவத்தஞ்சு வருசத்துல இன்னைக்குத்தான் என்ற காதுக்குக் கால் மணி நேரம் ஓய்வு," கண்ணைத் தொறந்து வரதராஜுலுவைப் பாத்துச் சொன்னாங்க. "அண்ணா, இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேணுங்க. தட்டை மாத்திக்கலாம்."

கண்ணையா வாயைத் தொறந்தாரு. வரதராஜுலு ஒதட்டுல விரலை வெச்சாரு.

"அது இன்னும் வேலி தாண்டலீங்க."

வேலி தாண்டி ரொம்ப நேரமாச்சு. நானும் பாத்தேன். தட்டு மாத்தி முடியற வரைக்கும் ஒருத்தரும் சொல்லலை.