பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சிரிப்பு

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு வாக்கில், திண்டுக்கல் நாகல் நகரில் நானும் என் கணவரும் ஒரு சிறிய போட்டோ ஸ்டூடியோ நடத்திக்கொண்டிருந்தோம். அவர் கல்யாணங்களுக்குப் போய்ப் படம் எடுப்பார்; நான் கம்ப்யூட்டரில் ஆல்பம் தயார் செய்வேன். டிஜிட்டல் கேமரா வாங்கிய புதிது. ஃபிலிம் செலவு இல்லையே என்று அவர் எடுத்துத் தள்ளியதில் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஒரு படத்தைத் திறப்பதற்குள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்துவிடலாம், அவ்வளவு மெதுவாக வரும்.

பேகம்பூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாயிடம் கேட்டோம். பழைய டிஸ்க்கைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொண்டு அதைவிடப் பெரியது தருவதாகவும், மிச்சமாவதில் ரேமையும் கூட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ரேம் கூடினால் வேகம் வரும். எங்களுக்கும் அதுதான் சரியென்று பட்டது. நடப்பு வேலைகளை மட்டும் புதியதில் ஏற்றிக்கொண்டால் போதும். ஆல்பம் கொடுத்து முடித்த பழைய கல்யாணங்களை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்?

மறுநாள் வயர்களைக் கழற்றி, பெட்டியை ஆட்டோவில் ஏற்றப் போகும்போது ஒரு பெண் வந்து நின்றாள். சின்ன வயசு. எரியோட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

"அக்கா, போன வருசம் எங்க ஊரு மாதா கோயில் கல்யாணத்துக்கு நீங்கதான போட்டோ எடுத்தீங்க? அதுல எங்க வீட்டுக்காரரு எங்கயாச்சும் இருப்பாராக்கா?"

அவள் கணவர் லாரி மோதி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நினைவுப் பூசைக்குப் படம் வைக்க வேண்டும். "எங்க கல்யாண போட்டோல முறைச்சுக்கிட்டு நிக்கிறாருக்கா. அவரு அப்படி இருக்க மாட்டாரு. எந்நேரமும் சிரிச்ச மொகந்தான்" என்றாள்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ஆட்டோவை அனுப்பிவிட்டு வயர்களைத் திரும்ப மாட்டினார்.

ஒவ்வொரு படமாகத் திறந்தோம். மேடை, மாலை, மோதிரம், குடும்பம் குடும்பமாக நிற்கும் சொந்தங்கள். எதிலும் அவர் இல்லை. பந்திப் படங்கள் வந்தபோது அவள் சட்டென்று திரையைத் தொட்டாள்.

"இந்தா, இவருதான்!"

அங்கே தெரிந்தது ஒரு முதுகு மட்டுமே. யாரோ சாம்பார் வாளியோடு குனிந்து பரிமாறிக்கொண்டிருந்தார். அடுத்த படத்தைத் திறந்தேன். அது மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வாளியைத் தூக்கிப் பிடித்தபடி, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "இந்தச் சட்டை நான் எடுத்துக் குடுத்ததுக்கா" என்று மட்டும் சொன்னாள். அழுதது நான்தான்.

முகத்தை மட்டும் பெரிதாக்கி ஃபிரேம் போட்டுக் கொடுத்தோம். அவள் பஸ்ஸுக்குப் போனதும், என் கணவர் பாய்க்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். அதற்கு அவர், "அப்ப அத எதுக்குக் குடுக்குறீங்க? புதுசோட சேத்து அதையும் உள்ளயே மாட்டித் தாரேன், ரெண்டும் ஓடட்டும். ரேம அப்பறமா பாத்துக்கலாம்" என்றாராம்.

அப்படியே செய்தோம். இடம் தாராளமாகக் கிடைத்தது; ரேமுக்குக் காசு மிஞ்சாததால் வேகம்தான் வரவில்லை. அடுத்த ஒரு வருசமும் அந்த மெஷினோடு மல்லுக்கட்டித்தான் ஆல்பம் செய்தேன். ஆனாலும் சலிப்பு வரவில்லை.

இப்போதும் செல்போனில் இடமில்லை என்று படங்களை அழிக்க உட்காரும்போது, மூலையில் யாரென்றே தெரியாமல் நிற்கும் ஒருவரைப் பார்த்தால், இவரை வீட்டில் யாரோ தேடக்கூடும் என்று தோன்றிக் கை தயங்கிவிடுகிறது.