தேதி காலியா இருக்கா?

போடி சாலையில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் எங்கள் தெருக்காரர். கோயம்புத்தூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தேனியில் வீட்டிலிருந்தபடியே வெப்சைட் வடிவமைக்கத் தொடங்கியிருந்தேன். "நம்ம மண்டபத்துக்கும் ஒண்ணு செஞ்சு குடும்மா" என்றார்.

ஒரு காலைப்பொழுது முழுக்க அவர் அலுவலகத்தில் உட்கார்ந்து, வருகிற போன்களைக் கேட்டேன். கூடலூரிலிருந்தும் பேசினார்கள், கெங்குவார்பட்டியிலிருந்தும் பேசினார்கள். எல்லோருடைய முதல் கேள்வியும் ஒன்றுதான்: அந்தத் தேதி காலியா இருக்கா? பந்தியில் எத்தனை பேர் உட்காரலாம், வண்டி நிறுத்த இடம் உண்டா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதனால் பக்கத்தைத் திறந்ததும் காலண்டர் வரும்படி செய்தேன். யாராவது எடுத்துவிட்ட தேதிக்கு நிறத்தை மாற்றியதோடு விடாமல், 'பதிவாகிவிட்டது' என்று எழுத்திலும் போட்டேன். வெயிலில் நின்று போனைப் பார்ப்பவர்களுக்கு நிறம் தெரியாது. தேவாரத்தில் இருக்கும் என் அக்காவிடம், வேறெதுவும் சொல்லாமல், "வைகாசியில ஒரு தேதி பாரு" என்றேன். கீறல் விழுந்த தன் போனில் விரலை ஒருமுறை தள்ளிவிட்டு, "இந்தா இருக்கே" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மண்டபக்காரர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வாசல் வளைவு எங்கம்மா? ட்ரோன் விட்டு மேல இருந்து வீடியோ எடுத்தமே?"

"கீழ இருக்குண்ணே."

"அதத் தூக்கி மேல போடு. தொறந்ததும் நாதஸ்வரம் கேக்கணும். இந்தக் காலண்டர் வேணாம்."

"எல்லாரும் அதத்தானண்ணே கேக்குறாக?"

"ஆடி பூரா காலியாக் கெடக்குறது ஊருக்கே தெரியணுமா? இந்த மண்டபத்துக்கு ஆளே வராது போலன்னு நெனப்பாக."

ஆடியில் எந்த மண்டபத்தில் கல்யாணம் நடக்கிறது! முகூர்த்த நாட்களை மட்டுமாவது காட்டலாம் என்று கெஞ்சினேன். மசியவில்லை. காலண்டர் இருந்த இடத்தில் பெயர், இமெயில், செய்தி என்று மூன்று கட்டங்கள் வந்தன. இமெயில் போடாமல் அனுப்ப முடியாது. பெரிய ஓட்டல்களில் அப்படித்தான் வைத்திருக்கிறார்களாம்.

சில மாதம் கழித்து அக்கா மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. பஸ்ஸில் வரும்போது அக்கா அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். நெரிசலுக்கு நடுவே நாதஸ்வரம் முழங்க, மொத்தப் பேரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். இறங்கியதும் எனக்குப் போன்.

"ஏண்டி, நீதான இதச் செஞ்ச? மானம் போச்சு. அன்னைக்கு இருந்த தேதியெல்லாம் எங்க? இமெயில் கேக்குது, எனக்கு ஏது இமெயிலு?"

"தேதியச் சொல்லு, நானே கேட்டுச் சொல்றேன்" என்றேன். மண்டபத்துக்குப் போன் போட்டேன். பிஸி. மறுபடி போட்டேன், பிஸி. கடுப்பில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன்.

ஒரு காதில் போனை வைத்தபடி அவர் என்னை உட்காரச் சொன்னார். வைத்ததும், "வெப்சைட்டு வந்தும் ஒரு புண்ணியமும் இல்லம்மா. போன் ஓயவே மாட்டேங்குது" என்றார்.

"என்னண்ணே கேக்குறாக?"

"தேதிதான்."

அவர் முகத்தையே பார்த்தேன். அவருக்கு ஒன்றும் உறைத்த மாதிரி தெரியவில்லை. காலண்டரைப் பற்றி மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். "பாப்போம்" என்றார். பஸ்ஸில் நடந்ததைச் சொன்ன பிறகு, பாட்டை மட்டும் நிறுத்த ஒத்துக்கொண்டார். அக்கா கேட்ட தேதி முந்தின நாள்தான் வேறொருவருக்குப் போயிருந்தது. அவர்கள் கம்பத்தில் வேறு மண்டபம் பிடித்தார்கள்.

கிளம்பும்போது, பக்கத்தின் அடியில் 'வடிவமைப்பு' என்று போட்டிருக்கும் என் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"எம்புட்டு வேலை பாத்திருக்க! பேரு இருக்கட்டும்மா" என்றார்.